சாட்சி இல்லாத கொலையும் சாட்சி சொன்ன கணக்கும்

ஒரு கொலையைத் துப்புத் துலக்க என்னென்ன வேண்டும்? புகார் கொடுக்க ஒருவர் வேண்டும், கண்ட சாட்சி வேண்டும், பிணம் வேண்டும். இம்மூன்றும் கிடைக்காத கொலை ஒன்று உண்டு. கொல்லப்பட்ட உயிருக்குப் பெயர்கூட இட்டிருக்க மாட்டார்கள். புகார் கொடுக்க வேண்டிய உறவினரே குற்றத்திற்கு உடந்தை. அதுதான் பெண் சிசுக்கொலை. சேலம், நாமக்கல் சமவெளியில் இக்குற்றத்தின் அளவை வெளிக்கொணர்ந்தது பிறப்பு, இறப்புக் கணக்கு. அந்த வரலாற்றைக் காண்போம்.

நுரையீரல் சொன்ன பாதி உண்மை

சிசு உயிருடன் பிறந்ததா என்று அறிய ஐரோப்பாவில் பழைய சோதனை ஒன்று இருந்தது. ஒருமுறையேனும் மூச்சு விட்ட நுரையீரலில் காற்று புகுந்திருக்கும்; ஆகவே அது நீரில் மிதக்கும். டச்சு அறிஞர் ஸ்வாமர்டாம் 1667-இல் இதனை விளக்கினார். 1681-இல் ஜெர்மானிய மருத்துவர் ஷ்ரேயர் ஒரு வழக்கிலேயே இதனைப் பயன்படுத்தினார். ஆனால் உடல் அழுகினாலும் வாயு உண்டாகி நுரையீரல் மிதக்கும். மேலும், குழந்தை மூச்சு விட்டது என்றுதான் இச்சோதனை சொல்லுமே தவிர, அது எப்படி இறந்தது என்று சொல்லாது.

இந்தியாவில் 1789-இல் காசியில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த ஜோனதன் டங்கன், அப்பகுதியில் ஒரு பிரிவினரிடையே பெண் சிசுக்கொலை வழக்கம் இருப்பதைப் பதிவு செய்தார். 1870-இல் பெண் சிசுக்கொலைத் தடுப்புச் சட்டம் வந்தது. வட இந்தியாவிலேயே பெரிதும் நடைமுறையிலிருந்த அச்சட்டம், சந்தேகத்திற்குரிய ஊர்களில் பிறப்பு, இறப்புகளைக் கணக்கெடுக்க வழி செய்தது. பிணத்தை ஆராய்வதிலிருந்து மக்கட்தொகையை ஆராய்வதற்கு விசாரணை நகர்ந்தது எனலாம்.

இயற்கையின் விகிதம்

கணக்கு எவ்வாறு சாட்சி சொல்லும் என்று கேட்கிறீர்களா? இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது 1000 ஆண்களுக்கு ஏறத்தாழ 950 பெண்கள். பிறந்த முதல் மாதத்தில் ஆண் சிசுவே மெலிந்தது. அதன் நுரையீரல் முதிர்ச்சியடையச் சற்றுத் தாமதமாகிறது. ஒரே வகைப் பராமரிப்புக் கிடைத்தால் ஆண் சிசுக்களே அதிகமாக இறக்கும். ஓர் ஊரில் இது தலைகீழாக இருந்தால், அதற்கு நோயைக் காரணம் காட்ட முடியாது.

1991 மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தில் (நாமக்கல் 1997-இல்தான் தனி மாவட்டமாயிற்று) ஆறு வயதுக்குட்பட்டோரில் 1000 ஆண்களுக்கு 849 பெண்களே இருந்தனர். ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளிலோ வேறொரு சான்று கிடைத்தது. சில பெண் சிசுக்களின் சாவுக்கு எதிரே ‘சமூகக் காரணம்’ என்று எழுதியிருந்தது. வீடு வீடாகச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அதை அவர்கள் எழுதி வைத்த முறை இது. இப்பதிவேடுகளை ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகிய இருவரும் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டனர். மதுரைப் பக்கத்திலிருந்து சேலம், தருமபுரி வழியாக வடக்கே நீளும் ஒரு தொடர்ச்சியான பட்டை அதில் புலப்பட்டது.

சீனாவிலிருந்து ஒரு பாடம்

ஆனால் குறைந்த எண்ணிக்கையெல்லாம் கொலைதானா? சீனாவில் 1982-இல் 100 பெண் பிறப்புகளுக்கு 108.5 ஆக இருந்த ஆண் பிறப்பு, 2000-இல் சுமார் 117 ஆயிற்று. இதனை ஆராய்ந்த சங் யி முதலிய சீன அறிஞர்கள் 1993-இல் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினர். ஒரு குழந்தைக் கொள்கைக்கு அஞ்சிப் பெற்றோர் பலர் பெண் பிறப்பைப் பதிவு செய்யாமலே விட்டிருந்தனர். ஏட்டில் இல்லாத பெண் உலகத்திலும் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. பிறப்பு, இறப்பு, கருக்கலைப்பு மூன்றையும் ஒப்பிட்ட பிறகே தீர்ப்புக் கூற வேண்டும்.

குற்றவாளி யார்?

கணக்கு, குற்றம் நடந்ததைக் காட்டும், குற்றவாளியைக் காட்டாது. முதல் பெண்ணை வளர்க்கும் குடும்பங்களிலும் இரண்டாவது, மூன்றாவது பெண்ணுக்கே ஆபத்து மிகுதி என்பது ஆய்வுகளில் தெளிவாயிற்று. வரதட்சணைச் சுமை ஒருபுறம். சிறு குடும்பத்திலும் ஆண் வாரிசு வேண்டும் என்ற ஆசை மறுபுறம். வழக்கு என்று வந்தால் பிரசவப் படுக்கையில் கிடக்கும் தாயே முதலில் பிடிபடுவாள். அவள் மீது நெருக்கடி சுமத்திய கணவனும் மாமியாரும் வெளியே நிற்பார்கள். இங்கே குற்றம் சாட்டப்பட்டவளே ஒரு விதத்தில் பாதிக்கப்பட்டவளும் ஆகிறாள்.

1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. தருமபுரியில் தெருக்கலை நிகழ்ச்சிகள் மூலம் பிரசாரம் நடந்தது. பலன் உண்டா? 2001-இல் சேலத்தில் 851, நாமக்கல்லில் 889. 2011-இல் முறையே 916, 914. முன்னேற்றந்தான். ஆனால் 950-ஐ அப்போதும் எட்டவில்லை. தொட்டிலருகே நிகழ்ந்தது ஸ்கேன் அறைக்கு இடம் மாறியதும் இதற்கு ஒரு காரணம். ஜவ்வரிசி ஆலையும், விசைத்தறியும், லாரித் தொழிலும், கோழிப்பண்ணையும் வளர்ந்த செழிப்பான பகுதி இது. செல்வம் வந்தால் மட்டும் பெண் குழந்தை பிழைத்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வாசகர்களே! உங்கள் ஊரில் ஓராண்டில் எத்தனை ஆண், எத்தனை பெண் பிறந்தன என்று கேட்டுப் பாருங்கள். சிற்றூர் ஒன்றில், ஓராண்டில், எண்ணிக்கை ஏறி இறங்குவது இயல்பு. பத்தாண்டுக் கணக்கும் ஒரே பக்கம் சாய்ந்தால் கேள்வி கேட்க வேண்டும். பேச முடியாத சிசுவின் சார்பில் பேசக் கூடியது அந்தப் பதிவேடு ஒன்றே.