தக்கையின் அறையும் சுவரும்: ராபர்ட் ஹூக்கின் கணக்கைத் திரும்பப் பார்த்தல்

1665இல் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா'வில் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்ததும், கண்ட அறைகளுக்குச் 'செல்' என்று பெயரிட்டதும் பள்ளிப் பாடம். பாடநூல்கள் அதோடு நின்றுவிடுகின்றன. ஹூக்கோ அந்தப் பகுதியில் தக்கையின் குணங்களுக்குக் காரணம் தேடினார். தக்கை ஏன் இலேசாக இருக்கிறது, அமுக்கினால் ஏன் மீள்கிறது, நீரை ஏன் உறிஞ்சுவதில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் அவர் கண்ட விடை ஒன்றுதான்: அறைகளுக்குள் அடைபட்ட காற்று. முதல் இரண்டில் எனக்கு அவரோடு பெரிய வழக்கு இல்லை. மூன்றாவது விடை பிழை. தக்கை ஏட்டைத் துணியில் ஒட்டிச் செய்யும் தக்கைத் துணியைப் பற்றி இன்று பேசுவோரிடமும் அந்தப் பிழை தொடர்கிறது.

முதலில் அவருடைய எண்ணிக்கை. ஓர் அங்குலத்தின் 18இல் ஒரு பங்கு நீளத்தில் சுமார் 60 அறைகளை எண்ணியதாக ஹூக் எழுதுகிறார். அப்படியானால் அங்குலத்துக்கு 1,080. சதுர அங்குலத்துக்கு 11,66,400. கன அங்குலத்துக்கு 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம். இந்தப் பெருக்கலில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: அறை எல்லாப் பக்கமும் ஒரே அளவுடையது என்பது. ஆனால் அவர் அச்சிட்ட படமே இதை மறுக்கிறது. அதில் இரண்டு வெட்டுமுகங்கள் உள்ளன. ஒன்றில் அறைகள் உருண்டையாகவும் மற்றதில் நீண்டும் தெரிகின்றன. கண் பார்த்ததைக் கணக்கு மறந்துவிட்டது.

அவர் எண்ணியது எந்தத் திசையில்? 1,080 அறைகள் என்றால் ஓர் அறைக்கு ஏறத்தாழ 23.5 மைக்ரோமீட்டர். தக்கையின் அறை அறுகோணப் பட்டகம்; அதன் உயரம் ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டர், அகலம் அதைவிடக் குறைவு. ஆகவே ஹூக் எண்ணியது அகலத்தை என்றே கொள்கிறேன். மூன்றாம் திசைக்கு 40ஐ வைத்துப் பெருக்கினால் கன அங்குலத்துக்குச் சுமார் 74 கோடி, அதாவது கன சென்டிமீட்டருக்கு 4.5 கோடி வருகிறது. இன்று வழக்கமாகச் சொல்லப்படும் 4 கோடிக்கு இது மிக நெருக்கம். ஹூக்கின் சொந்தக் கணக்குப்படியோ 7.7 கோடி. என் வாசிப்புக்கு ஒரு தடை உண்டு. அறைகள் நுனியோடு நுனியாக அடுக்கப்பட்டவை என்று பொருள்படும் சொல்லை அவர் கையாள்கிறார். அது நீளத்தையும் குறிக்கலாம். தவிர, வசந்தத்தில் வளர்ந்த அறை நெடியது, இலையுதிர்காலத்து அறை குட்டையானது. அவர் சீவிய துண்டு எந்தப் பருவத்து அடுக்கு என்பதை இனி யாரும் அறிய முடியாது. எனவே இதை முடிவாக வைக்கவில்லை. ஆனால் படத்தையும் எண்ணையும் ஒருசேர ஏற்கும் வாசிப்பு இது ஒன்றே.

இனி நீர். அறைக்குள் ஏற்கெனவே காற்று இருப்பதால் நீர் நுழைய இடமில்லை என்பது ஹூக்கின் விளக்கம். அப்படியானால் காற்று நிறைந்த அறைகளாலான நெட்டியும் நீரைத் தடுக்க வேண்டும். தஞ்சாவூர் நெட்டி வேலை செய்வோரைக் கேட்டால் தெரியும், நனைந்த நெட்டி ஊறிப் பருத்துவிடும். எல்டர் மரத்தின் சோற்றிலும் இதே போன்ற அறைகளைக் கண்டதாக ஹூக்கே எழுதியிருக்கிறார். அதுவும் நீர் குடிக்கும். வேறுபாடு காற்றில் இல்லை, சுவரில் இருக்கிறது. தக்கையின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சூபரின் என்ற கொழுப்புப் பொருள். மெழுகும் சேர்ந்து சுவரை நீர் ஒட்டாததாக்குகிறது.

இனி தக்கைத் துணி. தக்கை கலந்த பழைய தரைவிரிப்புகளிலிருந்து அதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். 1844இல் எலைஜா காலவே தக்கைத் தூளை ரப்பரோடு பிசைந்து கம்ப்டூலிகான் தரைவிரிப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1863இல் ஃபிரெடெரிக் வால்டன் ஆளிவிதை எண்ணெயில் தக்கைத் தூளைக் குழைத்துச் சாக்குத்துணியில் பரப்பிய லினோலியத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டிலும் தக்கை தூளாகவே சேர்ந்தது. தக்கைத் துணியில்தான் அறைகள் வரிசை குலையாமல் நிற்கின்றன. தக்கை ஓக் மரத்தை முதலில் 25 வயதளவில் உரிக்கிறார்கள். பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறை. உலக விளைச்சலில் பாதி போர்த்துகலினுடையது. பட்டையை வேகவைத்து, கட்டையாக அழுத்தி, மெல்லிய ஏடாகச் சீவி, பருத்தி அல்லது பாலியெஸ்டர் துணியில் ஒட்டுகிறார்கள்.

என் மேசையில் ஒரு தக்கைத் துணிப் பணப்பை இருக்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் பழுப்புக் கீற்றுகள் தெரிகின்றன; மரம் மூச்சுவிட்ட துளைகள் அவை. அரை மில்லிமீட்டர் ஏட்டின் குறுக்கே சில அறைகளே அடங்கும், அவற்றின் மேல்வரிசை முழுவதும் சீவும்போதே திறந்துபோனது. அந்தத் திறந்த அறைகளில் அடைபட்ட காற்று ஏது? ஆயினும் அதன்மேல் விட்ட நீர்த்துளி முத்தாகவே நிற்கிறது.

பராமரிப்பு முறையும் இதிலிருந்தே வருகிறது. காக்க வேண்டியவை சுவரும், ஏட்டைத் துணியோடு பிணைக்கும் பசையும். ஈரத்துணியில் சிறிது மென்சோப்பு போதும். வெளுப்பான், கரைப்பான் கூடாது. சூடான இஸ்திரிப் பெட்டியை நேரே வைத்தால் பசை விடும். நெடுநாள் வெயிலில் நிறம் மங்கும். தைப்பவர்கள் குண்டூசிக்குப் பதில் கிளிப் போட்டுத் தையலை நீளமாக விடுங்கள். இந்தத் துணியில் ஒருமுறை விழுந்த ஊசித்துளை மூடாது.