தூங்கும் பெட்டியில் வந்த புரட்சி

"பாசிசம் வளர்ந்ததற்கான காரணங்கள் யாவை?" பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு கேள்வி வருமே, நினைவிருக்கிறதா? முதல் உலகப்போர், விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம், கம்யூனிச பயம் என்று வரிசையாக எழுதிவிட்டு வந்துவிடுவோம். மார்க்கும் கிடைக்கும். ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் அன்றைக்குப் பல நாடுகளில் இருந்தவைதானே? இத்தாலியில் மட்டும் எப்படி முதலில் ஆட்சியைப் பிடித்தார்கள்? தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. அவர்கள் பிடிக்கவில்லை, மற்றவர்கள் கொடுத்தார்கள்!

முசோலினி 1919 மார்ச் 23 அன்று மிலான் நகரில் தன் இயக்கத்தைத் தொடங்கினார். அதே வருடம் நவம்பர் தேர்தலில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் போ நதிச் சமவெளியில் இருந்த பெரிய நிலக்காரர்களுக்கு, கூலி விவசாயிகளின் சங்கங்களை உடைக்க ஆள் தேவைப்பட்டது. கருஞ்சட்டைப் படையினர் (நம்ம ஊர் கருஞ்சட்டையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இது வேறு!) அந்த வேலையைச் செய்தார்கள். சங்க அலுவலகங்களைக் கொளுத்துவது, ஆட்களை அடித்து வாயில் விளக்கெண்ணெய் ஊற்றுவது... போலீஸ் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது.

1921 தேர்தலில் பிரதமர் ஜொலித்தி இவர்களைத் தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். 35 பேர் ஜெயித்தார்கள். நாடாளுமன்றத்துக்குள் வந்தால் அடங்கிவிடுவார்கள் என்பது அந்தப் பழுத்த அரசியல்வாதியின் கணக்கு.

அடுத்தது 1922 அக்டோபரில் நடந்த புகழ்பெற்ற 'ரோம் பேரணி'. பெயரைக் கேட்டால் பெரிய புரட்சி மாதிரி இருக்கும். உண்மையில், சரியான ஆயுதம் இல்லாத கூட்டம் ஒன்று ரோமைச் சுற்றி மழையில் நனைந்துகொண்டிருந்தது. ராணுவம் தயாராக இருந்தது. பிரதமர் ஃபாக்டா நெருக்கடி நிலை உத்தரவை எழுதி அரசரிடம் கொண்டுபோனார். அக்டோபர் 28 காலையில் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவ்வளவுதான்! 'புரட்சித் தலைவர்' அதுவரை எங்கே இருந்தார் தெரியுமா? மிலானில். அரசரிடமிருந்து அழைப்பு வந்த பிறகு, இரவு ரயிலில் தூங்கும் பெட்டியில் ஏறி, 30-ஆம் தேதி காலையில் ரோமுக்கு வந்து பிரதமரானார். வயது 39.

அப்போதும் நேரம் இருந்தது. அமைச்சரவையில் பாசிஸ்டுகள் சிறுபான்மைதான். 1924 மே 30 அன்று மத்தியோத்தி என்ற சோஷலிஸ்ட் உறுப்பினர், தேர்தலில் நடந்த அடிதடியையும் மோசடியையும் நாடாளுமன்றத்திலேயே எழுந்து சொன்னார். ஜூன் 10 அன்று அவரைக் கடத்திக் கொன்றார்கள். நாடே கொதித்தது. எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்துவிட்டு, அரசர் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தன. அரசர் எதுவும் செய்யவில்லை. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி சபையில் நின்று, நடந்தது எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று சொன்னார். யாரும் அவரைத் தொடவில்லை. அடுத்த வருட முடிவுக்குள் மற்ற கட்சிகள் எல்லாம் தடை செய்யப்பட்டன.

உள்ளூரில் பலித்தது வெளியூரிலும் பலித்தது. 1935 அக்டோபர் 3 அன்று இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. சர்வதேச சங்கம் (ஐ.நா.வுக்கு முந்தைய அமைப்பு) பொருளாதாரத் தடை விதித்தது. ஆனால் பட்டியலில் பெட்ரோலியம் இல்லை! டாங்கியும் விமானமும் எதில் ஓடுமோ அதை விட்டுவிட்டு மற்றதைத் தடுத்தார்கள். சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. இத்தாலியப் படைக் கப்பல்கள் கட்டணம் கட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. முசோலினியைப் பகைத்துக்கொண்டால் அவர் ஹிட்லர் பக்கம் போய்விடுவார் என்று பிரிட்டனும் பிரான்சும் பயந்தன. எண்ணெயை நிறுத்தியிருந்தால் ஒரே வாரத்தில் பின்வாங்கியிருப்பேன் என்று முசோலினியே 1938-இல் சொன்னதாக ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் பால் ஷ்மிட் எழுதியிருக்கிறார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

எத்தியோப்பிய மக்கள் மீது விமானத்திலிருந்து விஷவாயு கொட்டினார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1936 மார்ச் 7 அன்று ஹிட்லர் ரைன்லாந்துக்குள் படையை அனுப்பினார். அவரையும் யாரும் தடுக்கவில்லை. மே 5 அன்று அடிஸ் அபாபா விழுந்தது. நாட்டை இழந்த பேரரசர் ஹைலி செலாசி ஜூன் 30 அன்று ஜெனீவாவில் பேச எழுந்தபோது, இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசில் அடித்துக் கலாட்டா செய்தார்கள். அடுத்த மாதமே தடைகள் நீக்கப்பட்டன. சரி, அந்தப் பயமாவது பலித்ததா என்றால் அதுவும் இல்லை. நவம்பரில் முசோலினி 'ரோம்-பெர்லின் அச்சு' என்று அறிவித்தார். போர் 1939-இல் போலந்தில் தொடங்கியது என்று படிக்கிறோம். அதற்கு வழி எத்தியோப்பியாவில் திறந்தது என்பேன்.

1940 ஜூன் 10 அன்று இத்தாலி பிரிட்டன், பிரான்ஸ் மீது போர் அறிவித்தது. மத்தியோத்தி கடத்தப்பட்டு அன்றோடு சரியாக 16 வருடம். அதற்கு அடுத்த வருடம் எரித்திரியாவின் கெரன் மலைகளில் இத்தாலியரை முறியடித்த படைகளில் பெரும்பங்கு இந்திய ராணுவத்தின் 4, 5-ஆம் டிவிஷன்கள். 1941 மே 5 அன்று ஹைலி செலாசி மறுபடியும் அடிஸ் அபாபாவுக்குள் நுழைந்தார். நகரம் விழுந்த அதே தேதி, ஐந்து வருடம் கழித்து.