கணக்கைக் கேட்கும் மொழி

கணக்கு எழுதுவது பழங்கலை. எழுதிய கணக்கினிடம் வினா எழுப்பி விடை பெறுவது அதனினும் அரிய கலை. இவ்விரண்டாவது கலையின் வரலாற்றைச் செங்கல்பட்டுச் சீமையிலிருந்தே தொடங்கலாம்.

1763-இல் இப்பகுதி ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் இங்கே அளவை நடத்தினார். ஏறத்தாழ 2000 ஊர்களின் வீடுகள், குடிகளின் தொழில்கள், ஏரிகள், தோப்புகள், நன்செய், புன்செய் ஆகியவை அதில் பதிவாயின. விளைவில் கோயிலுக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் ஒதுக்கிய பங்கும் இடம்பெற்றது. ஊர்க் கணக்கர் தமிழில் எழுதிய ஓலைகளும் இவ்வளவைக்குத் துணையாயின.

மாணவர்களே, ஏரியும் நெசவாளர் குடியும் ஒருங்கே உள்ள ஊர்கள் எத்தனை என்று அன்று ஒருவர் வினவினால் என்செய்வது? ஒவ்வோர் ஊரின் கணக்கையும் புரட்டிப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை. எந்தக் கட்டில் எந்த ஓலை என்பது கணக்கருக்கே தெரியும். ஆகவே கணக்கின் திறவுகோல் அவர் கையிலேயே இருந்தது.

1960-களின் கணிப்பொறிகளிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. செய்தி எங்கே வைக்கப்பட்டது, எவ்வழியாக அதை அடைவது என்பவற்றை நிரல் எழுதுவோரே அறிந்திருந்தனர். கணக்கரின் இடத்தில் நிரலாளர் அமர்ந்தார்; அவ்வளவே.

இத்தடையைத் தகர்த்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். செய்திகளையெல்லாம் எளிய அட்டவணைகளாக வைத்து, பொதுவான ஒரு மதிப்பினால் அவற்றை இணைக்கலாம் என்று 1970-இல் அவர் ஒரு கட்டுரையில் நிறுவினார். நம் ஊர்க் கணக்கே இதற்கு நல்ல சான்று. சிட்டாவில் பட்டாதாரரின் பெயரும் அவருடைய புல எண்களும் உள்ளன. அடங்கலில் புல எண்வாரியாகப் பயிர் விவரம் உள்ளது. புல எண்ணால் இரண்டையும் இணைத்தால், நெல் பயிராகும் நிலங்களுக்கு உரியவர் யார் யார் என்பது விளங்கிவிடும்.

காட் கண்டது கணிதம். அதனை மக்கள் பேச்சுக்கு அருகே கொணர்ந்தவர்கள் அதே நிறுவனத்தின் டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு போய்ஸ் ஆகிய இருவர். 1974-இல் அவர்கள் வெளியிட்ட மொழிக்குச் 'சீக்வெல்' என்று பெயர். எதைத் தேர்ந்தெடுப்பது, எந்த அட்டவணையிலிருந்து, எந்நிபந்தனையின்படி என்ற மூன்றையும் கூறினால் போதும். தேடும் வழியைப் பொறியே வகுத்துக்கொள்ளும். அவ்வாண்டிலேயே போய்ஸ் இளமையில் காலமானார். அப்பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்ததால், பின்னர் 'எஸ்.க்யூ.எல்.' என்று சுருங்கியது.

1979-இல், பிற்காலத்தில் ஆரக்கிள் எனப் பெயர்பெற்ற நிறுவனம் இம்மொழியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனமும், 1987-இல் பன்னாட்டுத் தர நிறுவனமும் அதனை ஏற்றன. ஒரே வரிசை இருமுறை வருவதை இம்மொழி அனுமதிப்பது தம் கணிதத்துக்கு மாறானது என்று காட் குறை கூறினார். ஆயினும் வங்கி, இரயில்வே, மருத்துவமனை என எங்கும் அது பரவியது.

தமிழ்நாட்டில் 1980-இல் பரம்பரை வழிவந்த கர்ணம் பதவி ஒழிந்தது. இன்று செங்கல்பட்டு மாவட்டத்து உழவர், பட்டா எண்ணையோ புல எண்ணையோ கொடுத்துத் தம் நிலத்தின் விவரத்தை இணையவழியே பார்க்கலாம். திறவுகோல் ஓரளவு குடிகளின் கைக்கு வந்துள்ளது.

எனினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. தந்தை மறைந்தபின் மகளின் பெயர் பட்டாவில் ஏறாதிருந்தால், எவ்வளவு திறமையாக வினவினாலும் அவள் பெயர் விடையில் வராது. பொறி பொய் சொல்லவில்லை. எழுதாததை அது அறியாது, அவ்வளவே. ஆனால் விடையில் இல்லாதவளுக்கு உரிமையே இல்லை என்று அதிகாரி கருதிவிட்டால், அவள் இழப்பது நிலத்தையே. ஆதலின் கணக்கைக் கேட்கக் கற்பதோடு, அக்கணக்கில் யார் விடுபட்டார் என்று கேட்கவும் இளைஞர்கள் கற்றல் வேண்டும்.