குடல்வழிக் காப்பு: செப்சிஸ் சிகிச்சையில் புரோபயாடிக் கருத்தின் வளர்ச்சி

கடும் தொற்றில் உயிரைப் பறிப்பது கிருமி மட்டுமன்று. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் எதிர்வினை கட்டுமீறி, நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் என உறுப்புகளைச் செயலிழக்கச் செய்கிறது. இதுவே செப்சிஸ். குடல் நுண்ணுயிர்களைக் கொண்டே நோயைத் தடுக்கலாம் என்ற எண்ணம் ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது.

பல்கேரியத் தயிரிலிருந்த பாக்டீரியாவை 1905இல் ஜெனீவாவில் கிரிகோரோவ் இனங்கண்டார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் மெக்னிகாஃப் அதை முதுமைக்கு மருந்தாக முன்வைத்தார். 1917இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் நிஸ்லே, சக வீரர்களை வயிற்றுக்கடுப்பு வாட்டியபோதும் நோயுறாத ஒரு படைவீரரின் மலத்திலிருந்து ஒரு ஈ. கோலை வகையைப் பிரித்தெடுத்தார். மெக்னிகாஃபும் நிஸ்லேயும் குடலின் நலத்தையே பேசினார்கள். குடல் கெட்டால் நுரையீரல் ஏன் கெடுகிறது என்ற கேள்வி அப்போது எழவில்லை.

அக்கேள்விக்கு வழி திறந்தது 1979. குடல் பாக்டீரியாக்கள் சுவரைக் கடந்து நிணநீர் முடிச்சுகளை அடைவதை பெர்க், கார்லிங்டன் இருவரும் எலிகளில் காட்டினர். 1986இல் மீக்கின்ஸும் மார்ஷலும் பல்லுறுப்புச் செயலிழப்பை இயக்கும் எந்திரம் குடலே என்றனர். அதிர்ச்சி நிலையில் உடல் இதயத்துக்கும் மூளைக்கும் முன்னுரிமை தந்து, குடலுக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைக்கிறது. சுவர்ச் செல்களின் பிணைப்பு தளர்கிறது. நச்சுகள் கசிந்து பிற உறுப்புகளின் அழற்சியைக் கூட்டுகின்றன. ஆன்டிபயாடிக் மருந்துகளோ காவலிருந்த பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கின்றன. அப்படியானால் நல்ல பாக்டீரியாக்களை, அதாவது புரோபயாடிக்கை, வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? எலிகளில் இது பலனளித்தது. ஆனால் அங்கே மருந்து பெரும்பாலும் தொற்றுக்கு முன்போ, தொற்று தொடங்கிய உடனேயோ தரப்பட்டது. நோயுற்ற பின்பே மருந்து பெறும் மனிதர்களோடு உள்ள இந்த வேறுபாட்டுக்கு அன்று போதிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

2002இல் ஹங்கேரியில் கடும் கணைய அழற்சி நோயாளிகள் 45 பேரிடம் நடந்த ஆய்வு நம்பிக்கையூட்டியது. உயிருள்ள லாக்டோபாசில்லஸ் பெற்ற 22 பேரில் ஒருவருக்கே கணையத்தில் தொற்று ஏற்பட்டது. கொல்லப்பட்ட பாக்டீரியா பெற்ற 23 பேரில் 7 பேருக்கு ஏற்பட்டது. அடுத்து நெதர்லாந்தில் 'ப்ரோபாட்ரியா' ஆய்வு 296 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. 2008இல் லான்செட் இதழில் முடிவு வெளியானபோது துறையே அதிர்ந்தது. தொற்று குறையவில்லை, புரோபயாடிக் பெற்ற 152 பேரில் 24 பேரும், போலிமருந்து பெற்ற 144 பேரில் 9 பேரும் இறந்திருந்தனர். முதல் குழுவில் 9 பேருக்குக் குடல் ரத்த ஓட்டமின்றிப் பழுதுற்றது. மற்றதில் ஒருவருக்கும் இல்லை. ரத்தம் குன்றிய குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களை இறக்கியது ஆக்சிஜன் தேவையையோ அழற்சியையோ கூட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினர்.

ஒடிசா கிராமங்களில் ஆய்வாளர் பாணிக்ரஹியின் குழு வேறு வழி சென்றது: நோய் வருமுன்பே கொடுப்பது. நல்ல எடையுடன் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் 4,556 சிசுக்களை அது ஆய்வில் சேர்த்தது. ஒரு பிரிவினருக்கு, பிறந்த சில நாள்களுக்குள் தொடங்கி ஒரு வாரம் லாக்டோபாசில்லஸ் பிளான்டாரமும் அதற்கு உணவாகும் சர்க்கரைச் சேர்மமும் வாய்வழி தரப்பட்டன. செப்சிஸும் இறப்பும் சேர்ந்த விகிதம் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்ததாக 2017இல் நேச்சர் இதழில் வெளியானது. குடலுக்கு அப்பாலுள்ள சுவாசத் தொற்றும் குறைந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. வேறொரு பாக்டீரியாவைக் கொண்டு 1,315 குறைமாதக் குழந்தைகளிடம் பிரிட்டனில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் பயன் தெரியவில்லை.

பெரியவர்களுக்கான விடை 2021இல் வந்தது. செயற்கைச் சுவாசத்திலிருந்த 2,650 நோயாளிகளில், வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா புரோபயாடிக் பெற்றவர்களில் 21.9 விழுக்காடு, பெறாதவர்களில் 21.3 விழுக்காடு. இதற்கு முன்பே, வேறு நோயாளிகளில், புரோபயாடிக்காகக் கொடுத்த பாக்டீரியாவே சிலரின் ரத்தத்தில் கலந்ததை 2019இல் பாஸ்டன் ஆய்வு மரபணுச் சான்றுடன் காட்டியிருந்தது.

இதுவரையுள்ள சான்றுகளின்படி, புரோபயாடிக் நலமான சிசுவுக்கு நோய் வருமுன் காப்பாகலாம்; உறுப்புகள் தளரத் தொடங்கிய நோயாளிக்கு மருந்தாகப் பரிந்துரைக்க இடமில்லை.