ஏரி இருந்த ஊர்



பூகோளம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படமே. இமயத்தின் உயரத்தையும் நைல் ஆற்றின் நீளத்தையும் நம் பிள்ளைகள் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். ஆனால், சென்னை தியாகராய நகரில் ஐந்தாம் வகுப்புப் பயிலும் ஒரு சிறுமியை அழைத்து, "அம்மா, நீ நிற்கும் இந்த இடம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் எப்படி இருந்தது?" என்று வினவினால் அவள் திகைத்து நிற்பாள். குற்றம் அவளுடையதன்று, அதனை அவளுக்குச் சொல்லித் தராத பெரியோராகிய நம்முடையது. அவள் நிற்கும் இடம் ஓர் ஏரியின் நடுவயிறு!

மயிலாப்பூர் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி என்னும் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு, வடக்குத் தெற்காக நீண்டு கிடந்தன. அந்த நீளத்தைக் கண்டே ஆங்கிலேயர் அதனை 'லாங் டாங்க்' என்று வழங்கினர். மேற்கே மாம்பலம் என்னும் சிற்றூர். கிழக்கே மவுண்ட் ரோடு எனப்பட்ட இன்றைய அண்ணா சாலை. மாரிக்காலத்தில் ஓடிவரும் நீரை இந்த ஏரி தேக்கி வைத்தது. கோடையில் சுற்றுப்புறத்துக் கிணறுகளை ஊற வைத்தது.

1920ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையில் மக்கள்தொகை பெருகியது, வீட்டுமனைகள் வேண்டியிருந்தன. அக்காலத்தில் நீதிக்கட்சி ஆட்சி நடத்தியது. ஏரி வடிக்கப்பட்டு, மண் கொட்டப்பட்டு, புதிய நகர் எழுந்தது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் அந்நகருக்கு இடப்பெற்றது. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராய் இருந்த பனகல் அரசரின் பெயரால் நடுவே ஒரு பூங்கா அமைந்தது. எஞ்சிய ஏரிப்பரப்பும் நாளடைவில் மறைந்தது. 1976இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரி நிலத்திலேதான் நிற்கிறது.

ஏரி மறைந்தாலும் அதன் பெயர் மறையவில்லை. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு உண்டு. ஏரியைக் காணும் சாலை என்பது அதன் பொருள்; காண்பதற்கு ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கத்தில் உள்ள 'டாங்க் பண்ட் ரோடு' ஏரிக்கரைச் சாலையே அன்றி வேறன்று. தெருப்பலகை இரண்டும் பிள்ளைகளுக்கு இரண்டு பாடங்கள் அல்லவா?

நிலத்தைக் காட்டிப் பாடம் சொல்வது நமக்குப் புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து மரம், விலங்கு, உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. இக்கால ஆசிரியர் இயற்கை வளம் என்பதை நம் முன்னோர் கருப்பொருளில் அடக்கினர். அக்கண்கொண்டு நோக்கினால், மீனவர் வலை உலர்த்தும் மயிலாப்பூர்க் கடற்கரை நெய்தல். ஏரிநீர் பாய்ந்த பழைய மாம்பலம் மருதம்.

இம்முறைக்கு இசைவான ஒரு நிகழ்ச்சி அடையாற்றிலும் நடந்தது. 1939இல், பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைக்க, இத்தாலி நாட்டுக் கல்வியறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் அங்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் அவர் பல்லாண்டுகள் இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலில் இருந்த காலத்தில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குரிய இயற்கைக் கல்வியை அவர் விரித்து வளர்த்தார். அம்முறைப் பள்ளிகளில் ஒரு தட்டிலே மண்ணைக் குழைத்து, நடுவே பள்ளம் செய்து நீர் வார்த்தால் ஏரி; நடுவே மேடு செய்து சுற்றிலும் நீர் வார்த்தால் தீவு. நீரை வார்ப்பது குழந்தையின் கை. கை அறிந்ததை மனம் எளிதில் மறப்பதில்லை.

இப்பாடத்தால் என்ன பயன் என்று கேட்போர் இருக்கலாம். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசியை ஒட்டிய மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. அவ்வாறு கொட்டும் நீர் தங்குவதற்கென்றே ஏரிகளும் குளங்களும் வெட்டப்பட்டன. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்களையும் கொண்டு சென்றது. நான்காண்டுகள் கழித்து, 2019 கோடையில், அதே நகர மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரியை எதிர்நோக்கி நின்றனர். வெள்ளமும் வறட்சியும் பகைவரைப் போலத் தோன்றினும், நீர் தங்க இடமில்லை என்னும் ஒரே தாயின் பிள்ளைகளாகவும் அவற்றைக் காணலாம்.

ஏரியை வடித்தவர்களை இன்று பழிப்பது எளிது. அவர்கள் வீடற்றோருக்கு வீடு தேடினர். அவ்வீடுகளிலே நம்மிற் பலர் வாழ்கிறோம். ஆதலின் ஆசிரியர் மாணவருக்குச் சொல்ல வேண்டுவது பழியன்று, கணக்கு. ஏரி தந்தது இது, நகர் தந்தது இது, இழந்தது இது என்று எடுத்துக்காட்டினாற் போதும். 2003இல் தமிழ்நாட்டு அரசு வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது ஏன் என்பது அப்போது பிள்ளைகளுக்குத் தானே விளங்கும்.

ஆசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுகிறேன். ஆண்டுக்கு மூன்று நாள் வகுப்பறையை விட்டு வெளியே வாருங்கள். ஒருநாள் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் படிகளை எண்ணி, நீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். மற்றொரு நாள் அடையாற்றின் முகத்துவாரத்தில், ஆறும் கடலும் கலக்கும் இடத்தில், எந்தப் பறவைகள் இரை தேடுகின்றன என்று பார்க்கட்டும். மூன்றாம் நாள் லேக் வியூ ரோட்டில் நின்று, "ஏரி எங்கே?" என்று அவர்களே கேட்கட்டும்.

அக்கேள்வியைக் கேட்ட பிள்ளை நாளை பொறியாளராகலாம்; நகராட்சி உறுப்பினராகலாம்; வீடு கட்டும் குடும்பத் தலைவியாகலாம். எஞ்சியுள்ள ஒரு குளத்தின்மீது மண் கொட்ட வண்டி வரும்போது, சற்று நில்லுங்கள் என்று சொல்லும் அறிவு அப்பிள்ளைக்கு இருக்கும்.