ஒரு ஆட்சேபணை மனு போகும் தூரம்

டெல்லி மாஸ்டர் பிளானுக்கு எதிராகவோ அதைத் திருத்தச் சொல்லியோ பொதுமக்கள் எழுதும் மனுவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1957ஆம் ஆண்டின் டெல்லி வளர்ச்சிச் சட்டம்தான் அதற்குப் பிறப்பிடம். எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் பூங்கா என்று வகுக்கும் திட்டத்தை முடிவு செய்யுமுன் வரைவை வெளியிட வேண்டும், ஆட்சேபணையும் யோசனையும் கேட்க வேண்டும் என்று அந்தச் சட்டம் டிடிஏ எனப்படும் டெல்லி வளர்ச்சி ஆணையத்தைக் கட்டாயப்படுத்துகிறது. 1960இல் முதல் வரைவு வந்தபோது சேர்ந்த மனுக்கள் அறுநூற்றுச் சொச்சம். வீட்டுமனைக் கூட்டுறவுச் சங்கங்கள், தொழிலதிபர் அமைப்புகள், அமைச்சகங்கள் எல்லாம் எழுதியிருந்தன. 1962 செப்டம்பரில் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

தெற்கு டெல்லியின் முனிர்காவில் நின்று பார்த்தால் இந்த மனு எவ்வளவு முக்கியம் என்று புரியும். 1908-09 நிலவரித் திட்டத்தின்போது கிராமத்துக் குடியிருப்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டார்கள். அதுதான் லால் டோரா. கோட்டுக்கு வெளியே இருந்த வயல்களை அரசு கையகப்படுத்தியது. ஜே.என்.யூ. வளாகமும் அரசுக் குடியிருப்புகளும் டிடிஏ அடுக்குமாடிகளும் எழுந்தன. கோட்டுக்கு உள்ளே 1963இல் கட்டட விதிகளிலிருந்து விலக்கு கிடைத்தது. நிலத்தை இழந்தவர்களுக்கு மிஞ்சியது வீட்டடி மண் மட்டும். அதன்மேல் மாடிக்கு மேல் மாடி கட்டி வாடகைக்கு விட்டார்கள். இன்று அந்தச் சந்துகளில் ஒரு பைக் எதிரே வந்தால் நடப்பவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எதிரெதிர் பால்கனிகளுக்கு நடுவே மின்கம்பிகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. தரைத்தள அறைகளில் பட்டப்பகலில் விளக்கு எரிகிறது. தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய வழியே கிடையாது. மணிப்பூரிலிருந்து வந்த மாணவர், கால் சென்டர் ஊழியர், ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு நடந்தே போய்வரும் தமிழ்க் குடும்பம் என்று பலதரப்பட்டவர்களும் இங்கேதான் குடியிருக்கிறார்கள்.

2041 வரைக்குமான திட்டத்தின் வரைவு 2021 ஜூன் 9 அன்று வெளியானது. கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்தும் ஓயாத நேரம். மனு கொடுக்க 45 நாள் தந்தார்கள். கூடுதல் அவகாசம் கேட்ட பிறகு ஆகஸ்ட் 23 வரை நீட்டித்தார்கள். எளிய மனிதர்களுக்கு இது லேசான வேலையல்ல. எந்த அத்தியாயம், எந்தப் பத்தி, அங்கே என்ன மாற்ற வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதினால்தான் மனு எடுபடும். ‘மை பி டில்லி’ என்ற மக்கள் கூட்டமைப்பு இங்கே செய்த பணி போற்றத்தக்கது. தெருவோர வியாபாரிகள், குப்பை பொறுக்குவோர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோரிடம் வரைவை எளிய இந்தியில் விளக்கி, அவர்கள் தேவைகளை மனுவாக்க உதவியது. முனிர்கா போன்ற இடங்களில் வீட்டுக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, எழுதத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் சார்பில் யார் எழுதுவார்? சந்தில் காற்றும் வெளிச்சமும் இல்லாமல் வாழ்கிற மனிதரே கருத்துக் கேட்பில் கணக்கில் வராமல் போவது இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை என்பேன்.

மனு போய்ச்சேரும் இடம் ஐ.என்.ஏ. அருகே உள்ள விகாஸ் சதன். அங்கிருந்து விசாரணைக் குழுவின் மேசைக்கு. 2021 வரைக்குமான முந்தைய திட்டத்துக்கு ஏறத்தாழ 7,000 மனுக்கள் வந்தன. 17 கூட்டங்களில் 611 பேரையும் அமைப்புகளையும் நேரில் கேட்டார்கள். 2041 வரைவுக்கு வந்தவை சுமார் 33,000. கூட்டங்கள் 14. கூட்டத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் என்று கணக்கு வருகிறது. ஒரே வாசகம் கொண்ட மனுக்கள் ஏராளம் என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொன்றையும் நின்று படித்திருப்பார்கள் என்று நம்ப மனம் வரவில்லை.

2023 பிப்ரவரி 28 அன்று துணைநிலை ஆளுநர் தலைமையில் ஆணையம் வரைவை ஏற்று, மத்திய வீட்டுவசதி அமைச்சகத்துக்கு அனுப்பியது. டெல்லியில் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் வராது. ஆகவே முனிர்காவாசி தன் எம்.எல்.ஏ.வைப் பிடித்து உலுக்கினாலும் முடிவு மத்திய அரசின் கையில்தான். 2025 பிறந்தபோதும் அரசிதழ் அறிவிக்கை வரவில்லை. 2021 என்று பெயரிட்ட பழைய திட்டமே நகரத்தை ஆண்டுகொண்டிருந்தது.

மனு கொடுத்தவருக்கு ரசீது கிடைக்கிறது. ஏற்றார்களா, தள்ளினார்களா, ஏன் என்று ஒவ்வொரு மனுவுக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. சட்டத்தில் திருத்த வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு மனுவுக்கும் ஓர் எண், எதிரே இரண்டு வரியில் காரணம், எல்லாரும் பார்க்கும்படி ஒரு பட்டியல். இது டெல்லிக்கு மட்டுமான தேவை அல்ல. சென்னைப் பெருநகரின் மூன்றாம் முழுமைத் திட்டத்துக்காக 2022இல் சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மக்களிடம் கருத்துக் கேட்டது. அங்கே ஆட்சேபணை எழுதப்போகும் வியாசர்பாடிக்காரருக்கும் பள்ளிக்கரணைக்காரருக்கும் இப்படியொரு பட்டியலைக் கேட்டு வாங்கும் உரிமை வேண்டும்.