ஜாங்கோ மைக்ரேஷன் பிழைகள்

ஜாங்கோ மைக்ரேஷன் பிழைகள் என்பவை, பைத்தான் மொழியின் ஜாங்கோ வலைக் கட்டமைப்பில் மாடல் வரையறைகள், மைக்ரேஷன் கோப்புகள், தரவுத்தளத்தின் உண்மை நிலை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது எழும் கோளாறுகள். ஆண்ட்ரூ காட்வின் உருவாக்கிய சவுத் என்னும் தனி நிரலே மாடல் மாற்றங்களைத் தரவுத்தளத்தில் செயல்படுத்தும் மைக்ரேஷன் பணிக்கு முன்பு பயன்பட்டது. 2014இல் வெளிவந்த ஜாங்கோ 1.7 பதிப்பு இவ்வசதியைக் கட்டமைப்புக்குள்ளேயே கொண்டுவந்தது.

செயல்படுத்தப்பட்ட ஒவ்வொரு மைக்ரேஷன் கோப்பின் பெயரும் தரவுத்தளத்தில் ஒரு தனி அட்டவணையில் பதிவாகிறது. பிழைதிருத்தம் அப்பதிவைக் கோப்புகளோடு ஒப்பிடுவதில் தொடங்குகிறது; ஷோமைக்ரேஷன்ஸ் கட்டளை இதற்கு உதவும். இருவர் தனித்தனிக் கிளைகளில் உருவாக்கிய கோப்புகள் மோதினால் மெர்ஜ் விருப்பத்தால் இணைக்கலாம். அட்டவணை ஏற்கெனவே இருப்பதாகப் பிழை வந்தால் ஃபேக் விருப்பம் கைகொடுக்கும். எனினும் அது எதையும் சரிபார்க்காமல் பதிவை மட்டும் எழுதுவதால், கண்மூடித்தனமாகக் கையாளத் தக்கதன்று. தரவுள்ள அட்டவணையில் கட்டாயப் புலம் சேர்க்கும்போது, முதலில் வெற்று மதிப்பை அனுமதித்து, பழைய வரிசைகளை நிரப்பி, பின்னர் கட்டுப்பாட்டை இறுக்குவதே பாதுகாப்பான முறை.

தரவுத்தள வகையும் முக்கியம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அட்டவணை மாற்றங்கள் பரிவர்த்தனைக்குள் நடப்பதால், தோல்வியுற்றால் பொதுவாக முழுதும் பின்வாங்கப்படும். மையெஸ்கியூஎல்லில் அவ்வாறில்லை, பாதியில் நின்ற மாற்றத்தைக் கையால் நீக்கிவிட்டே மீண்டும் இயக்க வேண்டும். செயல்படுத்திய கோப்புகளை அழிப்பது தீர்வாகாது. பதிவுக்கும் கோப்புக்குமான பிளவை அது பெரிதாக்கும்.